தரையிலிருந்து எழ

தம்பி,

ஸலாம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உனக்கும் பிடிக்காது. தாத்தாவின் கையில் நீ கட்டிவிட்டுப் போன, நடையை எண்ணுகிற கடிகாரம் பொய் சொல்கிறது. பிந்துலுவில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் நீ போனைத் திறந்து, குடும்பக் குழுவில் "தாத்தா இன்னைக்கும் டார்கெட் அடிச்சிட்டாரு" என்று போடுகிறாயே, அந்த நடையை அவர் நடக்கவில்லை. போன வாரம் அவரிடம் போனில், பெருநாளுக்கு வரும்போது பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் நின்று தொழப்போவதாகச் சொன்னாய். "இன்ஷா அல்லாஹ், வாடா" என்றார். போனை வைத்த பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் தாத்தாவால் இப்போது தரையில் உட்கார்ந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. பெருநாள் தொழுகையில் இரண்டே சுற்று, இரண்டே ரக்அத்துதான். முதல் ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவிலிருந்து ஒரே ஒரு முறை எழவேண்டும். அந்த ஒரு முறைக்காகத்தான் இந்த வீட்டில் பல மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம். அது நடக்குமா என்பது இன்னும் தெரியாது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியிலேயே "அத்தா, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்று ஆரம்பிப்பாய். உன் வயதில் நான் அப்படித்தான் இருந்தேன், நாற்பத்திரண்டிலும் அப்படித்தான் இருக்கிறேன். யாருக்காவது ஒரு கஷ்டம் என்றால், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் கையில் ஸ்பேனரோடு நிற்பேன். அதனால் நீ குறுக்கே பேச முடியாதபடி எழுதுகிறேன். வயதானவர்கள் இருக்கிற வீட்டிலிருந்து வேறு யாராவது இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடிகாரத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் உன் சின்னத்தா கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். தாத்தா ரொட்டிக் கல்லுக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டி சானாய்க்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கடையை என் தம்பியிடம் ஒப்படைத்து வருடங்கள் ஆகியும் காலையில் அந்த மாவைத் தொடாமல் அவருக்கு நாள் தொடங்காது. பிசைந்தார், உருட்டினார், ஒன்றை எடுத்து வீசி விரித்தார். ஸ்டூலை விட்டு இறங்கவே இல்லை. போனைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் நடை ஏறிக்கொண்டே போனது. கடிகாரத்துக்குக் கால் இருப்பது தெரியாது. அது கட்டியிருக்கிற கை ஆடினால் ஆள் நடக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். நாற்பது வருடம் மாவு வீசிய கை அது, ஆடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அத்தா, உட்கார்ந்துகிட்டே எங்க நடந்தீங்க?" என்றேன்.

"கடிகாரம் நடந்தேன்னு சொல்லுது. நீ யாரு இல்லன்னு சொல்ல?"

சின்னத்தா தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே சிரித்தான். "விடுண்ணே, இந்தக் கணக்குல பார்த்தா அத்தா இந்நேரம் ரெங்கம் டவுன் வரைக்கும் போயிருப்பாரு."

தாத்தா சிரிக்கவில்லை. மாவு ஒட்டிய விரலால் கடிகாரத்தை ஒரு முறை தடவினார். "பிள்ளைகிட்ட சொல்லிடாத. அவன் சந்தோஷமா இருக்கான்" என்றார். ஆக, அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். குழுவில் நீ அனுப்புகிற கட்டைவிரல் படத்துக்காகவே காலையில் அதை மறக்காமல் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அன்று சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். இப்போது சொல்கிறேன். நீ வந்து தெரிந்துகொள்வதைவிட, தெரிந்துகொண்டு வருவது நல்லது.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியாது. நீ கிளம்பிப் போன கொஞ்ச நாளில், நம் தாமான் குடியிருப்பின் சூராவில், அந்தச் சின்னத் தொழுகைக்கூடத்தில், அந்தி மக்ரிப் தொழுகையில் அவர் சஜ்தாவிலிருந்து எழத் தாமதமானது. அவர் நிமிர்வதற்குள் இமாம் ருக்கூவுக்குக் குனிந்துவிட்டார். இது சில நாள் நடந்திருக்கிறது. பாங்கு சொல்கிற பிலால் நல்ல மனிதர், முன்பு எங்கள் ஆலைப் பேருந்து ஓட்டியவர். அவர் அடுத்த நாள் வரிசையின் கடைசியில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதைத் தட்டிக் காட்டி, "பாக்சிக், இங்க உட்காருங்க, முட்டிக்கு நல்லது" என்று மலாயில், பெரியவரைக் கூப்பிடுகிற மரியாதையோடு சொல்லியிருக்கிறார். தாத்தா சிரித்து, நன்றி சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு சூராவுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கும் போகவில்லை. தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தொழுதார். உன்னிடம் "முட்டி வலி" என்று சொன்னோம். அவர் எங்களிடமும் அதைத்தான் சொன்னார்.

மார்க்கத்தில் நாற்காலிக்கு அனுமதி இருக்கிறது என்று இமாம் வீட்டுக்கே வந்து சொன்னார். நானும் சொன்னேன். இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடையில நாற்காலி கஸ்டமருக்குப் போடுறது. நான் நின்னவன்" என்றார். அனுமதி இல்லை என்று அவர் சொல்லவே இல்லையே. அந்த வரிசையில் தோளோடு தோள் நிற்கிற இடம் ஒன்று அவருக்கு இருந்தது. அதைவிட்டுக் கடைசியில், முட்டி உயரத்தில், மற்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. இது எனக்குப் புரிய நாளாயிற்று. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், காலில் பலம் குறைந்திருக்கிறது, பலத்தை ஏற்றினால் சரியாகிவிடும் என்பதுதான்.

கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பிசியோ ஒரு மலாய்ப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். முதலில் ஒரு கைப்பிடிக் கருவியைக் கொடுத்து முழுப் பலத்தோடு அழுத்தச் சொன்னாள். தாத்தா அழுத்தினார். அவள் முள்ளைப் பார்த்தாள், கருவியைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி அழுத்தச் சொன்னாள். அதே அளவு. ஆலையில் மானிகளைச் சரிபார்க்கிறவன் நான், சும்மா இருப்பேனா? "இந்த மீட்டரைக் கடைசியா எப்ப செக் பண்ணீங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே என்னையும் அழுத்தச் சொன்னாள். என் முள் தாத்தாவின் முள்ளுக்குக் கீழே நின்றது. அன்று முழுவதும் அவருக்கு வேறு பேச்சே இல்லை. சின்னத்தாவிடம், உன் அம்மாவிடம், எதிர்வீட்டுக்காரரிடம், பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கிற பையனிடம்கூட, "இவன் என்னைவிட ஒரு கோடு கம்மி" என்று சொன்னார்.

அந்த முள்தான் என்னை ஏமாற்றியது. கைப்பிடி பலமாக இருந்தால் உடம்பும் அப்படியே இருக்கும் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு ரொட்டிக்காரரின் கையைப் பார்த்து அவர் காலுக்குக் கணக்குப் போடக்கூடாது. ஆலையில் இதையே நான் தினமும் பார்க்கிறேன். தொட்டியிலிருந்து மானிக்குப் போகிற குழாயில் அடைப்பு விழுந்தால் அளவுமானி அழகாக, அசையாமல், நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே திரவம் இறங்கிக்கொண்டிருக்கும். அனுபவம் உள்ளவனுக்கு அப்படி நிற்கிற முள்ளைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும். எனக்கு வரவில்லை. அந்தப் பெண் "காலையும் பார்த்துடலாம்" என்றாள். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று அவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை அவள் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். அரை நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறது என்பது கணக்கு. தாத்தா நாற்காலியின் விளிம்பைப் பிடித்தார். "கையை எடுங்க பாக்சிக்" என்றாள். எடுத்தார், தொடையில் ஊன்றினார். "அங்கேயும் வேணாம்" என்றாள். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டார். தம்பி, கையைக் கட்டியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். முன்னால் சாய்ந்தார், தோள் நடுங்கியது, இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பி மறுபடி அதிலேயே விழுந்தது. என்னைப் பார்த்தார். கடையில் காசு கொடுக்காமல் ஓடியவனைத் துரத்திப் பிடித்த மனிதர் அவர், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் போலப் பார்த்தார். பிறகு எப்படியோ சில முறை எழுந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எண்ணுவதைத் தவிர எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் சூப்பர்வைசர் ஆனேன். அந்தப் பெயரை வைத்தது அவர்தான். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட்டேன். அடுப்படி மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கவைத்தேன். சாயங்காலம் தாமானின் பெரிய வாய்க்கால் வரை போய்த் திரும்பவேண்டும், கடிகாரம் இல்லாமல். நான் ஷிப்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால், "சூப்பர்வைசர் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க" என்று உன் அம்மாவிடம் சொல்வார். தொடை வலித்தால் என்னைத் திட்டமாட்டார், நாற்காலியைத் திட்டுவார். "இது எந்தக் கடையில வாங்கினது, சனியன், கீழ இழுக்குது" என்பார். நான் சிரித்ததில்லை. "பேசாம செய்யுங்க அத்தா, பேசினா மூச்சு போயிடும்" என்பேன். உன் அம்மா ஒரு நாள் என்னை அடுப்படிக்குள் இழுத்து, "அவர் உங்க ஆலையில இருக்கிற பம்பு இல்ல. எல்லாத்துக்கும் மீட்டர் வச்சுப் பார்க்காதீங்க" என்றாள். மீட்டர் இல்லாமல் எனக்குப் பார்க்கத் தெரியாது என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

எண் ஏறியது. அதை மறைக்கமாட்டேன். எட்டில் தொடங்கியவர் மூன்று மாதத்தில் பன்னிரண்டுக்கு வந்தார். பிசியோ பெண் முன்பே எச்சரித்திருந்தாள்: முதலில் ஏறுகிற ஒன்றிரண்டு பலம் இல்லை, பழக்கம், உடம்பு அந்தச் சோதனையின் சூட்சுமத்தைக் கற்றுக்கொள்கிறது, அதை லாபமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றாள். எனக்கு அது புரியாத விஷயமா? ஆனாலும் சேர்த்தேன். கோடு மேலே போவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நீ அங்கே கடிகாரத்தின் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாய், நான் இங்கே நாற்காலியின் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நமக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

பன்னிரண்டு வந்த வாரம், "இப்ப சூராவுக்குப் போலாமா?" என்று அவரே கேட்டார். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு முறை பார்த்துவிடலாம் என்றேன். கூடத்தில் தொழுகை விரிப்பை விரித்தேன். கட்டில், மேசை, கதவு நிலை எதுவும் எட்டாத இடமாகப் பார்த்து விரித்தேன். குனிந்தார், முட்டி போட்டார், நெற்றியை வைத்தார். எழவேண்டிய நேரம் வந்தது. ஒரு பாதத்தை முன்னால் கொண்டுவந்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கை தரையைத் தள்ளியது, இடுப்பு ஒரு சாண் கூட ஏறவில்லை. மறுபடி முயன்றார். மூன்றாவது முறை பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அறையில் இத்தனை மாதமாகக் கட்டில் காலைப் பிடித்து, கைப்பலத்தில் தன்னைத் தூக்கிக்கொண்டு தொழுதிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கட்டிலின் அந்தக் கால் ஆட்டம் கண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆணி தளர்ந்துவிட்டது என்று நினைத்து முடுக்கியும் வைத்தேன்.

விரிப்பில் உட்கார்ந்தபடியே, கோபமில்லாமல் சொன்னார்: "மூணு மாசமா நீ எனக்கு நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கத்தான்டா சொல்லிக்குடுத்திருக்க. நான் நாற்காலி வேணாம்னுதானே உன்கிட்ட வந்தேன்."

தம்பி, அந்த வார்த்தைக்குப் பிறகு நான் ஷிப்டுக்குப் போய் அளவு அனுப்புகிற ஒரு டிரான்ஸ்மிட்டரைத் திறந்து, ஒரே திருகை மூன்று முறை கழற்றி மாட்டினேன். எதைப் பழக்குகிறோமோ உடம்பு அதில்தான் தேறும், அதை ஒட்டியிருக்கிற இன்னொன்றில் தேறும் என்று நிச்சயமில்லை. இது எனக்குத் தெரியாத தத்துவம் இல்லை. நாற்காலியின் உயரம் வேறு, தரையின் ஆழம் வேறு. சோதனை நாற்காலியில் இருந்ததால் பயிற்சியையும் நாற்காலியிலேயே கொடுத்தேன். அளக்க எளிதாக இருந்ததை வளர்த்தேன். அவருக்கு வேண்டியது எது என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டே வேறு எதையோ அளந்தேன்.

மறுபடி ஆரம்பித்தோம். பிசியோ பெண் தரைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்: நாற்காலியிலிருந்து ஒரேயடியாகத் தரைக்கு இறங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்த இருக்கையாக மாற்றுவது. மேசை நாற்காலி, பிறகு உன் பழைய படிப்பு ஸ்டூல், பிறகு உன் அம்மா பின்கட்டில் மீன் கழுவ உட்காருகிற மரப்பலகை. பலகை வரைக்கும் வந்துவிட்டார். பலகையிலிருந்து தரைக்கு அரைச் சாண்தான் பாக்கி என்று சின்னத்தாவிடம் பெருமை பேசினார். "அரைச் சாண் எல்லாம் ஒரு விஷயமா அத்தா, பள்ளத்துல ஒரு பாய் போட்டா முடிஞ்சது" என்றான் அவன். அந்த வாரம் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல், இருமல், நெஞ்சில் சளி. இரண்டு வாரம் படுத்தார். எழுந்து மறுபடி நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தபோது, முதல் நாள் எடுத்ததைவிட ஒன்று குறைவாக வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் ஏற்றியதெல்லாம் இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது.

கருவி தப்பு என்று சொல்ல வழியில்லை. நாற்காலிக்கு என்ன கோளாறு வரும்? அந்தப் பெண்ணிடம் போய், "எத்தனை நாள்ல திரும்ப வரும்?" என்று கேட்டேன். "இந்த வயசுல சீக்கிரம் போகும், மெதுவா வரும். செஞ்சுகிட்டே இருங்க. வரலாம்" என்றாள். வரலாம். ஆலையில் யாராவது எனக்கு அப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் அவனை அன்றே வேறு வேலைக்கு மாற்றியிருப்பேன். அங்கே ஒரு மானி தடம் புரண்டால் திருகைத் திருப்பிச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இவருக்கு அப்படி ஒரு திருகு எங்கே இருக்கிறது? அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள், தெரியாததைச் சொல்லவில்லை. அவரைக் காரில் ஏற்றிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். தாத்தா பக்கத்து இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "என்னா சொன்னா?" என்றார். "வரும்னு சொன்னா அத்தா" என்றேன். ஒரு எழுத்தைத் தின்றுவிட்டுச் சொன்னேன். அவர் கண்டுபிடித்திருப்பார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் அப்பன் என்கிற உரிமையில் சிலதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இருபத்தொன்று. உன் கால் உனக்கு இப்போது கண்ணிலேயே படாது. என் கால் எனக்குப் படத் தொடங்கிவிட்டது. டேங்க் ஏணியில் இறங்கும்போது வலது முட்டி என்னிடம் ஏதோ சொல்கிறது, கேட்காதது போல இறங்குகிறேன். ஒரு எண் நன்றாக இருக்கிறது என்று யாராவது காட்டினால், அந்த எண் எதன் மேல் நிற்கிறது என்று பார். கையைக் கட்டச் சொல்லிப் பார். ஒரு நாள் நீ என்னையும் அளக்க வருவாய், அதைத் தடுக்க முடியாது, நீ என் பிள்ளை. அளப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேள்: "அத்தா, நீங்க எதுக்காக எந்திரிக்கணும்?" நான் என்ன சொல்கிறேனோ அதை அளந்துகொள். நான் இதை உன் தாத்தாவிடம் கேட்கவில்லை. பதில் தெரியும் என்று நினைத்தேன்.

இனி போன வாரம் நடந்தது. நீ போன் செய்த மறுநாள், மக்ரிபுக்கு முன்னால் அவர் குளித்துவிட்டு, வெள்ளைக் கைலியும் சட்டையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "சூராவுக்குப் போயிட்டு வரேன்" என்றார். அவர் இன்னும் பலகைக்குக்கூடத் திரும்பியிருக்கவில்லை. "அத்தா, இன்னும் கொஞ்ச நாள்" என்றேன். "பிள்ளை வர்றான். எனக்குத் தெரியணும்" என்றார். அவசரமாக ஒரு கைலியைச் சுற்றிக்கொண்டு கூடவே ஓடினேன். பிலால் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாற்காலியை எடுக்கப் போனார். தாத்தா கையை மட்டும் உயர்த்தினார். பிலால் புரிந்துகொண்டு நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டார்.

இரண்டாவது வரிசையில் நின்றோம், அவர் தோள் என் தோளில் பட்டது. முதல் ரக்அத்து முடிந்தது, சஜ்தா முடிந்தது, இமாம் தக்பீர் சொன்னார். எல்லோரும் எழுந்தோம். நான் எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டேன். என் காலடியில் அவர் மூச்சு கேட்டது. தொழுகையில் நிற்கிறேன், திரும்பிப் பார்க்கக்கூடாது, கை நீட்டக்கூடாது என்று மனம் சொல்கிறது. நீட்டினால் அவர் என்னை மன்னிக்கமாட்டார் என்றும் சொல்கிறது. இமாம் ஓதத் தொடங்கிவிட்டார். அப்போது என் கெண்டைக்காலில் ஒரு பிடி விழுந்தது. பிறகு அந்தக் கை மேலே ஏறி, முட்டிக்குப் பக்கத்தில் கைலியைக் கொத்தாகப் பற்றியது. தம்பி, முள்ளை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிய கை அது. முழு எடையும் அதில் தொங்கியது. அவர் வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தரையை விட்டுக் கிளம்பிவிட்டார், பாதி வழி வந்துவிட்டார், தலை என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் என் கைலி அவிழத் தொடங்கியது.

நான் உனக்கு எதையும் அழகுபடுத்திச் சொல்லமாட்டேன். கட்டியிருந்த கையின் முழங்கையால் இடுப்பை அழுத்திப் பிடித்தேன். முடிச்சு நழுவுகிறது. பின்னால் ஒரு வரிசை முழுக்க ஆட்கள். அவர் கண் என் இடுப்புக்கு நேராக இருந்தது, பார்த்துவிட்டார். கையை விட்டுவிட்டார். அவ்வளவுதான். விரிப்பில் அவர் உட்கார்ந்த சத்தம் கேட்டது. மிச்சத் தொழுகையை உட்கார்ந்தே தொழுதார். நான் நின்று தொழுதேன். என்ன ஓதினேன் என்று எனக்கு நினைவில்லை.

சலாம் கொடுத்து எல்லோரும் கிளம்பும் வரை அவர் அசையாமல் இருந்தார். பிறகு பிசியோ பெண் காட்டிக்கொடுத்தபடி பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். தூக்கவிட்டார். நிமிர்ந்ததும் என் தோளைப் பிடித்தார், அந்த விரல்கள் பதிந்த இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. செருப்பு மாட்டிக்கொண்டு தாமான் தெருவில் நடந்தோம். மூன்று வீடு தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"ஒரு கைலி கட்டத் தெரியல உனக்கு."

"அவசரத்துல கட்டினேன் அத்தா."

"எப்பத்தான் உனக்கு அவசரம் இல்ல? நான் வந்துட்டேன். பாதி வந்துட்டேன். உன் மானம் போயிடுமேன்னு விட்டேன்."

"விடாம இருந்திருந்தா எந்திரிச்சிருப்பீங்களா?"

"பின்ன?"

கொஞ்ச தூரம் நடந்தார். அவர் மூச்சு இன்னும் அடங்கவில்லை. தெருவிளக்கின் கீழே நின்று என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பெருநாளைக்குக் கைலி வேணாம், சிலுவார் போட்டுட்டு வா. பெல்ட் போடு. பிள்ளைகிட்டயும் சொல்லு."

எழுந்திருப்பாரா, மாட்டாரா? அன்று ஒரே ஒரு முயற்சி, அதுவும் பாதியில் நின்றது, நின்றதற்குக் காரணம் நான். அதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. வேறு யாராவது இப்படி ஒரு அளவைக் கொண்டுவந்து நீட்டினால் செல்லாது என்று திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இப்போது மறுபடி மேசை நாற்காலியிலிருந்து தொடங்கியிருக்கிறோம். பெருநாளுக்குள் பலகைக்கு வருவாரா என்பதே தெரியவில்லை, பலகைக்கும் தரைக்கும் நடுவில் அந்த அரைச் சாண் அப்படியே இருக்கிறது. நான் முன்பு போல எண்ணுவதில்லை. அவர்தான் எண்ணச் சொல்கிறார், எண்ணினால் குறைவாக வருகிறது, "தப்பா எண்ணுற, சூப்பர்வைசர்" என்கிறார்.

நீ வரும்போது புதுக் கடிகாரம் எதுவும் வாங்கி வராதே. பழையதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காதே, கட்டைவிரலைத் தினமும் அனுப்பிக்கொண்டிரு. கைலியை மடித்து அங்கேயே வைத்துவிட்டு, நல்ல தோல் பெல்ட் ஒன்று எடுத்து வா. பள்ளிவாசலில் நீ அவருக்கு இடப்பக்கம் நில், நான் வலப்பக்கம் நிற்கிறேன். சஜ்தா முடிந்து இமாம் தக்பீர் சொன்னதும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நேரே பார். கீழே பார்க்காதே, குனியாதே, கை நீட்டாதே. அவர் உன் காலைப் பிடித்தால் அசையாமல் நில். பிடிக்காவிட்டாலும் அசையாமல் நில்.

உன் அத்தா